உணவுக் கட்டுப்பாட்டில் இருந்துகொண்டு சொக்கலேட்டை நிம்மதியாக உண்ண முடியுமா? கட்டுப்பாடிழந்து உண்ணும் பழக்கம் உள்ளவர்களிடம் ஒரு கேள்வி

கல்லடி டீச்சர் | ஒக்டோபர் 7, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லடியில் வசிக்கும் ஆரம்பப்பிரிவு ஆசிரியை, வயது 46. ஆறு ஆண்டுகளாக நீரிழிவு இருக்கிறது. மெட்போமினும் கிளிக்லசைட்டும் எடுத்து வருகிறேன். சென்ற தை மாதத்தில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை 9 ஐத் தாண்டியபோது, கிளினிக்கில் "சோற்றைக் குறையுங்கள், இனிப்பை விடுங்கள்" என்ற இரண்டு வசனங்களோடு என் முறை முடிந்தது. எதை, எவ்வளவு, எப்போது என்று கேட்க எனக்கும் துணிவு வரவில்லை. வீட்டுக்கு வந்து காணொளிகளைப் பார்த்து நானே ஒரு கட்டுப்பாட்டை வகுத்துக்கொண்டேன். சோறு, பாண், பிட்டு, இடியப்பம், பழம் எதுவும் இல்லை. முட்டை, மீன், கீரை, தேங்காய் மட்டும். எட்டு மாதங்களாகப் பகலில் அதை இம்மியும் பிசகாமல் கடைப்பிடிக்கிறேன்.

இரவில் நடப்பதைத்தான் எழுத வந்தேன். நேற்று ஆசிரியர் தினம். பிள்ளைகள் அன்போடு தந்த 11 சொக்கலேட்டுகளை மறுக்க மனமில்லாமல் கொண்டுவந்து, அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன். மகளுக்குக் கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. இரவு ஒரு மணியளவில் வியர்த்து, நெஞ்சு படபடக்க விழித்தேன். விளக்கைப் போடாமல், அலுமாரிக் கதவைப் பிடித்து நின்றபடியே ஐந்தை உண்டேன். முதலாவதைத் தவிர மற்ற நான்கின் சுவையும் எனக்கு நினைவில் இல்லை. தாள்களை மடித்துக் கைப்பையில் வைத்து, பாடசாலைக் குப்பைக்கூடையில் போட்டேன். இன்று அதற்கு ஈடாகக் காலையும் மதியமும் உண்ணவில்லை. இப்படி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நடக்கிறது.

சிறு வயதில் அப்பா சம்பள நாளில் வாங்கிவரும் ஒரேயொரு சொக்கலேட்டை நாங்கள் நான்கு பிள்ளைகளும் திண்ணையில் வட்டமாக இருந்து உண்டது நினைவுக்கு வருகிறது. ஒரு கட்டியை வாயில் வைத்துக்கொண்டு, யாருடையது கடைசியாகக் கரைகிறது என்று பார்ப்போம். அப்படி ஒரு கட்டியை மேசையில் இருந்து, வெளிச்சத்தில், ருசித்து உண்ண எனக்கு இனி வழி உண்டா? முற்றாக விடுவதுதான் ஒரே வழி என்றால் அதையும் சொல்லுங்கள். ஏற்றுக்கொள்வேன்.

படுவான்கரை விவசாயி | ஒக்டோபர் 8, காலை 5.30

டீச்சர், உங்கள் நிலை எனக்குத் தெரியும், ஏனெனில் நானும் அங்கே நின்றிருக்கிறேன். எனக்குப் பொறி சொக்கலேட் கிரீம் பிஸ்கட். ஒரு பைக்கற்றைப் பிரித்தால் அது முடியும்வரை என் கை ஓயாது. முடிந்ததும் கடை பூட்டுமுன் அடுத்ததை வாங்கச் சைக்கிளை எடுப்பேன். வயலில் வரம்பு கட்டும் நாட்களில்கூட மனம் அந்தப் பைக்கற்றிலேயே இருக்கும். "இரண்டு மட்டும்" என்று நான் எனக்குக் கொடுத்த வாக்குகளை எண்ணி முடியாது.

இரண்டரை ஆண்டுகளுக்கு முன் சீனி சேர்த்த எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன். முதல் மூன்று வாரம் மிகக் கடினம். பிறகு மனதில் ஓர் அமைதி வந்தது. இன்று உண்ணலாமா, எத்தனை உண்ணலாம் என்ற வாதமே என்னுள் எழுவதில்லை. 1960ஆம் ஆண்டில் அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலஸ் நகரில் தொடங்கிய, கட்டுப்பாடிழந்து உண்பவர்களுக்கான சுயஉதவிக் குழுக்களிலும் பலர் தமக்குப் பொறியாகும் உணவை முற்றாகவே விலக்குகிறார்கள். மதுவை விட்டவரிடம் "ஒரு மிடறு பரவாயில்லை" என்று யாரும் சொல்வதில்லை. சொக்கலேட்டும் நமக்கு அப்படியே. விட்டுவிடுங்கள் டீச்சர்.

நிந்தவூர் உம்மா | ஒக்டோபர் 8, பகல் 2.05

அஸ்ஸலாமு அலைக்கும். டீச்சர், சேலைக்கு அடியில் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது என் கண் கலங்கியது. என் மகன் கட்டாரில் தொழில் செய்கிறான். வரும்போதெல்லாம் பெரிய பயணப் பெட்டியில் பாதிக்குச் சொக்கலேட்தான். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் குடும்பத்தாருக்கும் பங்கு வைத்துக் கொடுப்பது எங்கள் ஊரில் வழமை. நான் பங்கு வைக்கும்போதே இரண்டு பெட்டியை ஒதுக்கி, கட்டிலுக்கடியில் தள்ளிவிடுவேன். எனக்கும் சீனி இருப்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால், நான் உண்பதை யாரும் பார்த்துவிடக் கூடாது. ஆகவே அந்த இரண்டு பெட்டியும் என் வயிற்றுக்குள் போகும் வேகத்தை நான் மட்டுமே அறிவேன்.

எனக்கு இதில் ஒரு வாசல் திறந்தது நோன்பு காலத்தில். நோன்பு துறந்ததும் பேரீச்சம்பழம், கஞ்சி, சமூசா, பிறகு சோறு, அதன்பின் ஒளித்து வைத்த பெட்டி என்று ஒன்றன்மேல் ஒன்றாக உண்டு, இரவுத் தொழுகைக்கு நிற்க முடியாமல் மூச்சு முட்டியிருக்கிறேன். ஒரு வருடம் என் மருமகள், நான் வருந்தக்கூடாது என்று மிக மெதுவாகச் சொன்னாள்: "மாமி, பேரீச்சம்பழமும் தண்ணீரும் எடுத்துவிட்டு மஃரிபைத் தொழுது வருவோம், அதற்குள் நான் உங்கள் பீங்கானைப் போட்டு வைக்கிறேன்." அந்தப் பத்து நிமிட இடைவெளியில் பசியின் மூர்க்கம் தணிந்துவிடும். பீங்கானில் சோறும் கறியும் இருக்கும். ஓரத்தில் ஒரு சொக்கலேட்டும் இருக்கும். அவள் அதைத் தானாகவே வைத்தாள். என்னை அவள் பார்த்திருக்கிறாள், பார்த்தும் பழிக்கவில்லை என்று அப்போதுதான் விளங்கியது. அன்றிலிருந்து கட்டிலுக்கடியில் பெட்டி வைப்பது படிப்படியாக நின்றது.

விவசாயித் தம்பி சொல்வதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் பேரப்பிள்ளைகள் வாய் நிறையச் சொக்கலேட்டோடு ஓடிவரும் வீட்டில் முற்றாக விலக்குவது எனக்கு இயலாத காரியமாக இருந்தது.

வாவிக்கரைத் தாதி | ஒக்டோபர் 8, இரவு 8.50

ஓய்வுபெற்ற தாதி நான். நீரிழிவுக் கிளினிக்கில் நீண்ட காலம் கடமையாற்றியவள். டீச்சர், சொக்கலேட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் வேறொன்றை நீங்கள் உடனே கவனிக்க வேண்டும். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் எடுக்கும் கிளிக்லசைட், நீங்கள் உண்டீர்களா இல்லையா என்று பார்த்து வேலை செய்யும் மருந்து அன்று. அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். சோறு, பாண், பழம் அனைத்தையும் நிறுத்திவிட்டு, மருந்தின் அளவை மட்டும் பழையபடி வைத்திருந்தால் இரத்தத்தில் சீனி மிகவும் தாழ்ந்துபோகலாம். நடு இரவில் வியர்த்து, படபடத்து விழிப்பதும், கண்டதையெல்லாம் உண்ண வேண்டும் என்ற வெறிப் பசியும் அந்தத் தாழ்வின் அறிகுறிகளாக இருக்கலாம். அது மனத்தின் பலவீனமாக இல்லாமல், உயிரைக் காக்க உடல் எழுப்பும் கூக்குரலாகவும் இருக்கக்கூடும். குளுக்கோமீற்றர் இருந்தால் அடுத்த முறை விழித்தவுடன் விரல் நுனியில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் பொறுத்து மீண்டும் பாருங்கள். அந்த நேரத்தில் சொக்கலேட் உதவாது. அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும், நீங்களோ இன்னும் ஏறவில்லையே என்று இன்னொன்றைப் பிரிப்பீர்கள். அளவுகளைக் குறித்துக்கொண்டு, கிளினிக் திகதிக்குக் காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், நேற்றுச் செய்ததுபோல மருந்தை எடுத்துவிட்டுப் பட்டினி கிடக்கவும் வேண்டாம்.

இதைச் சரிசெய்த பிறகும் ஒளித்து உண்பது தொடரக்கூடும். பசியில்லாதபோதும், வேகமாக, வயிறு வலிக்கும்வரை, தனியாக, பிறகு தன்னையே வெறுக்கும்படி, "நிறுத்த முடியவில்லை" என்ற உணர்வோடு உண்பது, குறைந்தது வாரம் ஒருமுறையாக மூன்று மாதங்களுக்கு நீடித்தால், அது ஒரு தனி நோயாகவே கொள்ளப்படுகிறது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூலில் 2013ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து அதற்கெனத் தனியிடம் இருக்கிறது. உங்களுக்கு அது இருக்கிறதென்று நான் தீர்மானிக்கவில்லை. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் மருத்துவர். இது சிகிச்சைக்கு உட்படும் ஒன்று என்பதை மட்டும் நீங்கள் அறிய வேண்டும்.

அந்தச் சிகிச்சையின் முதல் படி என்னவென்று கேட்டால் பலர் நம்பமாட்டார்கள்: ஒழுங்காக உண்பது. மூன்று வேளை உணவும் இடையில் இரண்டு சிறு உணவும், நான்கு மணி நேரத்துக்கு மேல் வெறுவயிறு இல்லாமல். இரவில் மிகுதியாக உண்டுவிட்டாலும் மறுநாள் காலை உணவைத் தவிர்க்கக் கூடாது. நேற்றிரவைக் காலைப் பட்டினியால் தீர்த்தால், காலைப் பட்டினியை அடுத்த இரவு தீர்த்துவிடும்.

காரைதீவுக் கேக்காரர் | ஒக்டோபர் 9, இரவு 11.20

நான் வீட்டில் கேக் செய்து விற்பவன். மருத்துவம் பேச எனக்குத் தகுதியில்லை; டீச்சர் "ருசித்து உண்ண வழி உண்டா" என்று கேட்டதற்கு மட்டும் என் தொழிலில் இருந்து பதில் சொல்கிறேன்.

முதலில், கையில் இருப்பது சொக்கலேட்தானா என்று பாருங்கள். கொக்கோ விதையில் இருந்து எடுக்கும் கொழுப்பு ஏறத்தாழ 34 பாகையில், அதாவது நம் உடல் வெப்பத்துக்குச் சற்றுக் கீழே உருகும். நாவில் வைத்தவுடன் குளிர்ச்சியாகக் கரைந்து பரவுவது அதனால்தான். அந்தக் கொழுப்பு விலை கூடியது. ஆகவே மலிவான பலவற்றில் அதற்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பைச் சேர்க்கிறார்கள். நாங்கள் அதைக் கொம்பவுண்ட் என்போம். நம் ஊர் வெயிலிலும் உருகாமல் நிற்பதால் கேக்கின்மேல் பூச எனக்கு அது உதவுகிறது, அதற்காக நான் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் வாயில் மெழுகுபோல் ஒட்டும். கரையும் இன்பம் இல்லாததால் மெல்லுகிறோம், விழுங்குகிறோம், அடுத்ததைத் தேடுகிறோம். உறையில் சேர்மானங்களை எடை கூடியதிலிருந்து குறைந்ததை நோக்கி எழுதியிருப்பார்கள். சீனி முதலில் இருந்தால் அதில் மிகுதியாக இருப்பது சீனி என்று பொருள். சாதாரண பால் சொக்கலேட்டில் ஏறத்தாழப் பாதி சீனிதான்.

70 வீதம் என்று எழுதிய கறுப்புச் சொக்கலேட்டில் கொக்கோவும் கொக்கோக் கொழுப்பும் சேர்ந்து 70 பங்கு. மீதி 30 பங்கில் பெரும்பகுதி சீனி. 20 கிராம் எடுத்தால் அதிகம் போனால் 6 கிராம் சீனி. இரண்டு தேக்கரண்டி சீனி போட்ட ஒரு பிளேன்டீயில் இருப்பதைவிட அது குறைவு. இதைச் சொல்வது அளவு பார்த்துப் பயப்படுவதற்காக அன்று. அந்தச் சிறு துண்டு ஒரு குற்றம் என்ற எண்ணம் டீச்சருக்கு வேண்டாம் என்பதற்காக.

உண்ணும் முறையும் முக்கியம். இங்கே வெப்பத்தால் குளிர்சாதனப் பெட்டியில்தான் வைக்க வேண்டியிருக்கிறது, ஆனால் குளிர்ந்தபடியே உண்டால் மணம் எழாது. பத்து நிமிடம் முன்பே வெளியில் எடுத்து, ஒரு சிறு தட்டில் வையுங்கள். உடைக்கும்போது "டக்" என்று சத்தம் வர வேண்டும். மூக்கருகே கொண்டுபோய் மணத்தைப் பாருங்கள். பிறகு நாவின்மேல் வைத்து, கடிக்காமல் இருங்கள். முதலில் கசப்பு, பின்பு ஒரு பழப் புளிப்பு, கடைசியில் இனிப்பு என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். உங்கள் தந்தையார் வாங்கிவந்ததை நீங்கள் உண்ட முறையே சரியான முறை, டீச்சர். கரையும்வரை பொறுத்திருப்பவருக்கே அதன் முழுச் சுவையும் கிடைக்கும்.

ஒரு சிறு குறிப்பு: மேலே வெண்மை படர்ந்திருந்தால் பழுதென்று எண்ண வேண்டாம். உருகி மீண்டும் உறைந்ததில் கொழுப்பு மேலே வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

பாண்டிருப்பு மாணவி | ஒக்டோபர் 12, இரவு 12.40

இங்கே எழுதலாமா என்று நான்கு நாட்களாக யோசித்தேன். எனக்கு 20 வயது. நீரிழிவு இல்லை, உடல் மெலிய வேண்டும் என்று நானாகத்தான் கட்டுப்பாடு எடுத்தேன். விவசாயி அண்ணா எழுதியதை வாசித்துவிட்டு நானும் இனிப்பு முழுவதையும் விட்டேன். மறுநாள் வீட்டில் அக்காவின் பிறந்தநாள். ஒரு துண்டு கேக் உண்டேன். விரதம் கெட்டதே, இனி என்ன என்று நள்ளிரவில் எழுந்து மிச்சக் கேக் முழுவதையும், தம்பியின் சொக்கலேட்டையும் உண்டுவிட்டேன். நேற்று முழுவதும் தண்ணீர் மட்டும் குடித்தேன். இன்றும் உண்ணவில்லை. பாடத்தில் ஒரு பக்கம்கூட மனதில் நிற்கவில்லை, நாள் முழுவதும் சாப்பாட்டுக் காணொளிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு மட்டும் ஏன் மனவுறுதி இல்லை?

வாவிக்கரைத் தாதி | ஒக்டோபர் 12, காலை 6.10

மகள், இதை வாசித்ததும் முதலில் எழுந்து போய் ஏதாவது சாப்பிடுங்கள். அம்மா வைத்திருக்கும் பிட்டோ இடியப்பமோ எதுவாயினும் சரி. மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

1944, 1945ஆம் ஆண்டுகளில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நடந்தது. போரால் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி மீண்டும் உணவூட்டுவது என்று அறிய, உடலும் மனமும் நலமாக இருந்த 36 ஆண்கள் தாமாக முன்வந்து, 24 வாரங்கள் வழக்கத்தில் பாதியளவு உணவோடு வாழ்ந்தார்கள். அவர்களுக்கு மற்ற எல்லாவற்றிலும் நாட்டம் குறைந்தது. சமையல் நூல்களைக் கையில் வைத்து வாசித்தார்கள். எந்நேரமும் உணவைப் பற்றியே பேசினார்கள். ஆய்வு முடிந்து தாராளமாக உணவு கிடைத்தபோது சிலர் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் உண்டார்கள். அவர்கள் உறுதியற்றவர்கள் அல்லர். உறுதி இருந்ததால்தான் அந்த ஆய்வுக்கே வந்தார்கள். நீங்கள் பாடத்தை விட்டுச் சாப்பாட்டுக் காணொளி பார்ப்பது ஏன் என்று இதிலிருந்து உங்களுக்கு விளங்க வேண்டும்.

மிகையாக உண்பதும் அதன்பின் பட்டினி கிடப்பதும் மாறி மாறி வந்தால் தனியே சமாளிக்க முயலாதீர்கள். பெரிய வைத்தியசாலைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. வெளியே போகத் தயக்கமாக இருந்தால் 1926 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம், தமிழிலும் பேசலாம். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். அக்காவிடம் சொல்ல முடியுமா?

படுவான்கரை விவசாயி | ஒக்டோபர் 12, இரவு 7.30

தங்கச்சி, என் பதிவு உங்களைப் பட்டினியில் தள்ளியது என்பதை வாசித்து மிகவும் வருந்துகிறேன். நான் ஒன்றை எழுதாமல் விட்டேன், அது பெரிய பிழை. நான் சீனியை விட்டேனே தவிர, ஒரு நாளும் சோற்றை விடவில்லை. காலையில் வயலுக்குப் போகுமுன் பழஞ்சோறு, மதியம் சோறும் மீனும், மாலையில் கடலையோ தயிரோ, இரவில் மீண்டும் உணவு என்று என் வயிறு ஒருபோதும் காய்ந்ததில்லை. எனக்கு முடிந்தது அதனால்தான் என்று இப்போது எண்ணுகிறேன். மாரி மழை வலுக்குமுன் உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைச் சிறிது சிறிதாகத் திறந்து விடுவார்கள். மூடியபடி வைத்திருந்தால் அணைக்கட்டுத் தாங்காது. எனக்குச் சோறு அந்தக் கதவாக இருந்திருக்கிறது. எனக்குப் பொருந்திய வழியை எல்லோருக்கும் உரியதாக எழுதியதற்கு மன்னியுங்கள். நான் இனிப்பைத் தொடப்போவதில்லை, என் நிம்மதி அதில் இருக்கிறது. டீச்சருக்கும் உங்களுக்கும் வேறு வழி இருக்கலாம்.

பாண்டிருப்பு மாணவி | ஒக்டோபர் 13, இரவு 9.00

நேற்றுச் சாப்பிட்டேன். இன்று அக்காவிடம் சொன்னேன். புதன்கிழமை என்னோடு வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

கல்லடி டீச்சர் | நவம்பர் 16, பிற்பகல் 4.45

ஐந்து வாரங்கள் கழித்து வருகிறேன், மன்னியுங்கள். தாதி அம்மா சொன்னபடி இரவில் விழித்தபோது விரலில் பார்த்தேன். 61. அடுத்த இரவு 64. நான் அழுதுவிட்டேன், எட்டு மாதங்களாக என்னை நானே எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்று நினைத்து. குறிப்பேட்டுடன் வேறொரு மருத்துவரிடம் போனேன். மருந்தைக் குறைத்து, மூன்று வேளையும் அளவான மாச்சத்தைச் சேர்க்கச் சொன்னார். இப்போது காலையில் குரக்கன் ரொட்டியோ இடியப்பமோ, மதியம் ஓர் அகப்பைச் சோறு, இரவில் சிறிது பிட்டு உண்கிறேன். வியர்த்து விழிப்பது நின்றது.

அதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஒளித்து உண்பது பாதியாகக் குறைந்தது, மீதிப் பாதி அப்படியே இருந்தது. தீபாவளிக்கு மறுநாள் வீட்டுக்கு வந்த பெட்டியொன்றை, கணவரோடு தொலைபேசியில் வாக்குவாதப்பட்ட பின் முழுவதுமாக உண்டேன். அன்று எனக்குச் சீனி தாழ்ந்திருக்கவில்லை. மனம்தான் தாழ்ந்திருந்தது. ஆனால் மறுநாள் காலை இடியப்பத்தைத் தவிர்க்கவில்லை. கையில் எடுக்கவே கூசியது, என்றாலும் உண்டேன். அதன் பிறகு ஒன்பது நாட்கள் எதுவும் நடக்கவில்லை.

அந்த ஒன்பது நாட்களுக்குள்தான் கந்தசஷ்டி வந்தது. திருமணமாகி வந்த ஆண்டிலிருந்து மாமியோடு ஆறு நாளும் விரதம் இருந்து, சித்தாண்டியில் சூரன்போர் பார்த்துப் பாரணை செய்வது வழக்கம். பாரணையன்று நான் உண்ணும் அளவை எண்ணி ஒவ்வொரு ஆண்டும் வெட்கப்பட்டிருக்கிறேன். இந்த முறை மருத்துவர் விரதம் வேண்டாம் என்று சொல்லியிருந்தார். மாமியிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்து, முதல் நாள் காலை அடுப்படியில் எல்லாவற்றையும் சொன்னேன், அலுமாரி உட்பட. மாமி நெடுநேரம் தேங்காய் துருவிக்கொண்டே இருந்தார். பிறகு "ஒரு மணிக்குச் சாப்பாடு வைக்கிறேன், வந்து சாப்பிடு" என்றார். தான் விரதம் இருந்துகொண்டு ஆறு நாளும் எனக்குச் சமைத்துப் பரிமாறினார்.

இப்போது புதனும் ஞாயிறும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளும் நானும் மேசையில் இருந்து ஆளுக்கு இரண்டு கட்டி கறுப்புச் சொக்கலேட் உண்கிறோம். ஒவ்வொரு தடவையும் மகள் சிறியதொன்றாக வாங்கி வருவாள். வீட்டில் இருப்பு வைப்பதில்லை. கேக்காரத் தம்பி சொன்ன பழப் புளிப்பை மூன்றாம் தடவைதான் கண்டுபிடித்தேன். யாருடையது கடைசியாகக் கரைகிறது என்ற போட்டியில் நான்தான் வெல்கிறேன்.

காரைதீவுக் கேக்காரர் | நவம்பர் 16, இரவு 9.30

டீச்சர், இதை என் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். மிக்க மகிழ்ச்சி.

சிலர் எனக்குத் தனிமடலில் "சீனி இல்லாத சொக்கலேட்" பற்றிக் கேட்டிருந்தார்கள். அவற்றில் பலவற்றில் மோல்டிட்டோல் என்ற இனிப்பைச் சேர்க்கிறார்கள். அதுவும் ஓரளவு இரத்தச் சீனியை உயர்த்தும். அதிகம் உண்டால் வயிறு ஊதிப் பேதியாகும். சீனி இல்லை என்ற எண்ணத்தில் முழுவதையும் உண்டுவிடுவது எளிது என்பதால், டீச்சரைப் போன்றவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

வாவிக்கரைத் தாதி | நவம்பர் 17, காலை 6.00

சிறுநீரக நோய் உள்ளவர்களும் இதை வாசிப்பீர்களாயின் ஒரு சொல்: கொக்கோவில் பொற்றாசியம் அதிகம். கறுப்புச் சொக்கலேட் நல்லதென்று கேள்விப்பட்டு உங்கள் மருத்துவரைக் கேளாமல் தொடங்க வேண்டாம்.

டீச்சர், தீபாவளிக்கு மறுநாள் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதை நான் இரண்டு முறை வாசித்தேன். மறுநாள் இடியப்பத்தை உண்டீர்களே, அதுதான் கடினமான வேலை. அதைச் செய்துவிட்டீர்கள். ஆனால் மனம் தாழும் நாட்களுக்கும் ஓர் உதவி வேண்டும். உளவளத் துணையாளர் ஒருவரைப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள்.

கல்லடி டீச்சர் | டிசம்பர் 27, இரவு 8.10

பார்த்தேன் அம்மா, இரண்டு முறை. தொடர்ந்து போவேன். இன்னொரு கவலையோடு வந்திருக்கிறேன். மகளுக்குப் பேராதனையில் இடம் கிடைத்திருக்கிறது. ஜனவரியில் விடுதிக்குப் போகிறாள். மாமி தன் வீட்டுக்குத் திரும்பிவிட்டார். கணவர் மாதத்தில் இருமுறைதான் வருவார். மேசையில் நான் மட்டும் இருக்கும் நாட்களில் அந்தத் தட்டு மீண்டும் அலுமாரிப் பக்கம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. தனியே என்றால் கொஞ்ச நாள் சொக்கலேட்டையே நிறுத்தி வைக்கலாமா என்றும் யோசிக்கிறேன்.

நிந்தவூர் உம்மா | டிசம்பர் 27, இரவு 8.55

நிறுத்த வேண்டாம் டீச்சர். புதனும் ஞாயிறும் ழுஹர் தொழுது, சாப்பாடும் முடித்து, நான் ஒன்றேமுக்காலுக்கு ஓய்வாகத்தான் இருப்பேன். என் தொலைபேசி இலக்கத்தைத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன். மகள் போன பிறகு வரும் முதல் புதனன்று நான் அழைக்கிறேன். நீங்கள் தட்டை மேசையில் வைத்துவிட்டு எடுங்கள். நானும் என்னுடையதைப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

கல்லடி டீச்சர் | டிசம்பர் 27, இரவு 9.20

இலக்கம் கிடைத்தது, ராத்தா. பத்து நிமிடம் முன்பே குளிர்சாதனப் பெட்டியில் இருந்து எடுத்து வைத்திருப்பேன்.